ஒன்றரை அடி வழிபாட்டுத் தலம்

பட்டினப்பாக்கம்,
12.1.2025

டெரன்ஸ்,

நலமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. எம்.எல்.ஏ. ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஊரார் மனுக்களைப் பிரித்துப் படிக்கிற உனக்கு என்ன கேடு?

பதினோரு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மந்தைவெளி ஆபீசுக்கே வந்தேன். கேட்டில் இருந்தவன் என் கூடையைப் பார்த்ததும், "இன்னாமா, இங்க யாரும் மீன் வாங்க மாட்டாங்க, போ போ" என்றான். டெரன்ஸ் என் கூடப் பிறந்த தம்பி என்றேன். உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து, "சார் மீட்டிங்ல கீறாரு" என்றான். சாரு! ஜன்னலில் உன் சட்டை தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் பாண்டி பஜாரில் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை. நான் கேட்டுக்கு வெளியே நின்று கத்தியது உன் காதில் விழுந்திருக்கும். அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். ஆபீஸ் விலாசத்துக்கு வருகிற தபாலுக்கெல்லாம் நம்பர் போட்டு நோட்டில் ஏற்றியே ஆக வேண்டும் என்று நீதான் ஒரு நாள் பெருமையடித்தாய். ஏற்று.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீசிலிருந்து நம் மீன்காரப் பெண்கள் சங்கத்துக்கு நாலு வரியில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெண்கள் கழிப்பறை கட்டத் தேர்வு செய்த இடத்தில் வழிபாட்டுத் தலம் இருக்கிறதாம். வழிபாட்டுத் தலத்தில் தொகுதி மேம்பாட்டு நிதியைச் செலவிட விதி இல்லையாம். எனவே பணி கைவிடப்படுகிறதாம். எங்கேடா இருக்கிறது தலம்? ஒன்றரை அடி மாதா சுரூபம், அந்தச் சின்னச் சிலையைச் சுற்றி நாலு செங்கல், மேலே ஒரு உடைந்த ஓடு. இது தலமென்றால் சாந்தோம் பேராலயத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். நாங்கள் இருபத்திரண்டு பேர். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து ஆறு மணிக்குத் தெருமுனையில் உட்கார்ந்தால் மதியம் இரண்டு வரைக்கும் எழுந்திருக்க முடியாது. முன்பெல்லாம் பாழாய்க் கிடந்த ஹவுசிங் போர்டு கட்டடத்துக்குள் ஒதுங்கினோம். அதை இடித்த பிறகு ஒதுங்க ஒரு மறைவும் இல்லை. புஷ்பம் வியாபாரத்துக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன டாக்டரிடம், "குட்சா எங்க போறது டாக்டர், நீயே சொல்லு" என்று கேட்டாள்.

ஆகஸ்டில் உங்கள் எம்.எல்.ஏ. பாண்டுரங்கன் ஐயா வந்து, இது என் கடமை என்று சொல்லி, எங்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அக்டோபரில் கல் நட்டார். இப்போது மாதாவைக் காட்டிக் கைவிரிக்கிறார். இதை அவரிடம் யார் சொன்னார்கள் என்று கண்டுபிடித்து எழுது. ஐயாவிடம் பேசி வேலையைத் தொடங்க வை. மார்ச்சுக்குள் தொடங்கவில்லை என்றால் இந்த வருஷத்து நிதி போய்விடும் என்று எனக்கும் தெரியும்.

ஜெசிந்தா


ராயப்பேட்டை,
18.1.2025

அக்காவுக்கு,

உன் தபால் வந்தது. 114 என்று நம்பர் போட்டேன். 'பொருள்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'சொந்தம்' என்று எழுதினேன். மேனேஜர் சுப்பராமன் சார் அதை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். தயவுசெய்து இனி வீட்டு விலாசத்துக்கு எழுது. ஆபீஸ் தாளில் சொந்தக் கடிதம் எழுதக் கூடாது என்பதால் என் காசில் கவர் வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டில் நின்று நீ கத்தியதைத் தெருவே கேட்டது. "எம் தம்பி இங்க புரோக்கர் வேலை பாக்குறான்" என்று சொன்னாய். ஆறு வருஷமாக ஒரு டீ கூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை நான்.

தொகுதி நிதி ஐயாவின் சட்டைப்பை இல்லை. எதற்குச் செலவு செய்யலாம், எதற்குச் செய்யக் கூடாது என்று புத்தகமே இருக்கிறது. தனியார் இடத்தில் கூடாது. கோயில், சர்ச், மசூதி, எதற்கும் கூடாது. உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கக் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் தெருவுக்கு நாலு கோபுரம் எழும்பியிருக்கும், ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சுவர் இருந்திருக்காது. விதி உன்னைப் பார்த்து எழுதியதில்லை.

செப்டம்பரில் சுரூபத்தை வைத்தபோதே வேண்டாம் என்றேன். நினைவிருக்கிறதா? "போடா, பெரிய ஆபீசரு" என்று சிரித்தாய். இப்போது எடுத்துவிட்டு, காலி இடத்தின் படத்தோடு புதிதாக மனு கொடுங்கள். நான் வெறும் உதவியாளன். யார் சொன்னார்கள், யார் எழுதினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

உன் தம்பி பெண்டாட்டி லிசா விசாரித்தாள்.

டெரன்ஸ்


பட்டினப்பாக்கம்,
27.1.2025

டெரன்ஸ்,

கவர் வாங்குவதில் நீ காட்டுகிற நேர்மையில் கால்வாசி எங்கள் மேல் காட்டியிருந்தால் இந்நேரம் கட்டடத்துக்குக் கூரை போட்டிருப்பார்கள்.

சுரூபத்தை ஏன் வைத்தோம் என்று உனக்குத் தெரியாதா? இடம் கழிப்பறைக்கு என்று முடிவானதிலிருந்து அதைக் காப்பாற்றுவதே எங்களுக்குப் பிழைப்பாகிவிட்டது. பகலில் போகிற ஆம்பளை எல்லாம் அங்கேதான் நிற்பான். ராத்திரி லாரிக்காரன் இடித்த கல்லைக் கொட்டுவான். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிப் போட்டோம், அந்த எழுத்து மேலேயே அடித்தார்கள். ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சாமியை வைத்தால்தானே இவன்களுக்கு ஜிப் மூடும்? எங்களில் காவேரிதான் எல்லையம்மன் படம் வைக்கலாம் என்றாள். அப்புறம் அவளே, "அம்மாளுக்கு ஆடி மாசம் கூழு ஊத்தணும், செலவு. உங்க மாதான்னா ஒரு மெழுகுவத்தியோட வுட்ருவா" என்றாள். மாதா பிறந்தநாளில் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து வைத்தோம். அன்றோடு நின்றது. நாலு மாசம் ஒரு பயல் ஒரு சொட்டு விடவில்லை.

மந்திரித்த சுரூபத்தைக் காய்கறிக் கூடை மாதிரி தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனாலும் நீ சொன்னாய் என்று சாமியாரிடம் போய்க் கேட்டேன். "எடுத்துட்டுப் போம்மா, மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார். வெள்ளிக்கிழமை செபமாலை சொல்லி எடுத்து வந்து என் வீட்டு அலமாரியில் வைத்தேன். புஷ்பம் அழுதாள். அவளுக்கு மாதாவும் தெரியாது, செபமாலையும் தெரியாது, கும்பிட்டுக்கொண்டே அழுதாள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அதே மூலையில் ஈரம்.

சனிக்கிழமையே காலி இடத்தின் படத்தோடு மனு கொடுத்தாகிவிட்டது. சுப்பராமன் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வெளியே வரும்போது பார்த்தேன், ஆபீஸ் பக்கத்தில் மணல் கொட்டியிருக்கிறது, டைல்ஸ் அடுக்கியிருக்கிறது. என்ன வேலை என்று கொத்தனாரைக் கேட்டேன். "எம்.எல்.ஏ. ஆபீசுக்கு ஏசி ஹால் கட்டிக்கினு கீறாங்கமா, தொகுதி நிதி" என்றார். வாசலில் பிள்ளையார் மாடம் இருக்கிறதே, அதற்குத் தினமும் கற்பூரம் காட்டுகிறார்களே, அது வழிபாட்டுத் தலம் இல்லையா? உன் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது என்று பார்த்து எழுது.

பங்குப் பள்ளிக்கூடத்து ஐரின் டீச்சர் உதவியால் தகவல் உரிமைச் சட்டத்தில் போன வாரமே மனு போட்டுவிட்டேன். கழிப்பறைக் கோப்பு முழுக்க நகல் கேட்டிருக்கிறேன். இதை எழுதியவன் யாரென்று தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் மீன் கழுவின தண்ணீரை ஊற்றாமல் விடமாட்டேன்.

ஜெசிந்தா


ராயப்பேட்டை,
5.2.2025

அக்கா,

எதற்கு இந்தத் தகவல் மனுவெல்லாம்? அதனால் உனக்கு ஒரு செங்கல் வருமா? என் வேலைக்கு உலை வைக்கத்தான் வரும். நிரந்தர வேலையில்லை என்று தெரிந்துதானே செய்கிறாய்? ஐயா ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு நான் தெருவில் நிற்பேன்.

ஹால் ஐயாவின் சொந்த வீட்டுக்கு இல்லை. மனு கொடுக்க வருகிற ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்கள், அவர்களுக்கு. அரசுக் கட்டடம், அதனால் விதி இடம் கொடுக்கிறது. பிள்ளையார் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிறார், அளந்து பார்த்தாயிற்று. ஆமாம், அளந்தோம். சிரிக்காதே.

உங்கள் புது மனு தாமதம். கைவிட்ட வேலையின் தொகையை வேறு வேலைக்கு மாற்றி டிசம்பரிலேயே ஐயா பரிந்துரை அனுப்பிவிட்டார். நீ சுரூபத்தை எடுத்தது தை மாசத்தில். நான் என்ன செய்ய முடியும்?

ஒன்று கேட்கிறேன். நான் குப்பத்துக்கு வந்தால் ஒரு நாளாவது நிம்மதியாக ஒரு வாய் சோறு போட்டிருக்கிறாயா? இலையில் உட்கார்ந்ததும் நாலு பேரைக் கூட்டி வருவாய். "எம் தம்பிதான் எம்.எல்.ஏ.கிட்ட கீறான், குடு குடு" என்று சொல்லி அவர்கள் மனுவை என் சட்டைப்பையில் திணிப்பாய். அந்த மனுக்களை அடுத்த நாள் ஆபீசில் எடுத்து வைக்கும்போது சுப்பராமன் சார் என்னை எப்படிப் பார்ப்பார் என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் ஒரு மானம் இருக்கிறது.

போதும், விட்டுவிடு. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

டெரன்ஸ்


பட்டினப்பாக்கம்,
24.2.2025

டேய்,

கோப்பு வந்துவிட்டது. பதினாறு பக்கம். ஐரின் டீச்சர் சத்தமாகப் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் பக்கத்தில், 'மேற்படி இடத்தில் மாதா கெபி அமைந்துள்ளது. தினசரி வழிபாடு நடைபெறுகிறது. பொதுமக்கள் திரளாகக் கலந்துகொள்கின்றனர். புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. நாலு செங்கல் கூண்டு கெபியாம்! திரளாகவாம்! டீச்சரும் நானும் சிரித்தோம். பத்தாம் பக்கத்தைத் திருப்பினோம்.

சுரூபம். அதன் முன்னால் ஒரு மெழுகுவத்தி. அதைப் பற்றவைக்கிற ஒரு கை. கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு. சுறா அறுக்கும்போது பட்டது. அது என் கை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்குப் பூப்போட்டு விட்டு என் வீட்டுக்கு வந்தாய். உனக்குப் பிடிக்குமென்று சுறாப் புட்டு செய்தேன், இரண்டு தடவை வாங்கித் தின்றாய். கிளம்பும்போது நீயேதான் இடத்தைப் பார்க்கலாம் என்றாய். "அக்கா, அப்பா அம்மா பேர்ல மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்து" என்றாய். நான் ஏற்றினேன். நீ போனை எடுத்தாய். லிசாவிடம் காட்டப் போகிறாய் என்று நினைத்து முந்தானையைச் சரி செய்துகொண்டேன்டா, பாவி.

அந்தக் குறிப்பின் கீழே சுப்பராமன் கையெழுத்து இருக்கலாம். போட்டோவை எடுத்தவன் நீ. செத்துப்போன அப்பா அம்மா பெயரைச் சொல்லி எடுத்தவன் நீ. 'யார் எழுதினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது' என்று உன் காசில் வாங்கின கவரில் எழுதி அனுப்பியவனும் நீதான். ஒரு கோப்பில் சேர்க்க உனக்கு உன் அக்காவின் கைதானா கிடைத்தது?

டீச்சரிடம் அது யார் எடுத்த படம் என்று நான் சொல்லவில்லை. அவமானம்.

புஷ்பத்தை வியாழக்கிழமை ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். குளிர் ஜுரம், இடுப்பு வலி, கிட்னியில் கிருமி ஏறிவிட்டது என்கிறார்கள். உன் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். போகாதே. உன்னைப் பார்த்தால், "ஜெசிந்தா தம்பி வந்துட்டான், இனிமே கக்கூஸ் வந்துரும்" என்று சந்தோஷப்படுவாள். அதை நீ கேட்கக் கூடாது.

ஜெசிந்தா


ராயப்பேட்டை,
3.3.2025

அக்கா,

மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அக்டோபர் கடைசியில் ஐயாவுக்கு ஹால் ஆசை வந்தது. தேர்தலுக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது, கட்சிக்காரர்கள் வந்தால் உட்காரவைக்க இடமில்லை என்றார். இந்த வருஷ நிதியில் மிச்சமில்லை. "அந்தக் கக்கூஸ் வேலையைத் தள்ளிவைக்க ஏதாவது வழி கீதா?" என்று கேட்டார். சுப்பராமன் சார் கோப்பைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குத்தான் கிடைத்தது. "அங்க மாதா சுரூபம் வச்சிருக்காங்க சார்" என்று நானாகச் சொன்னேன்.

அந்த ஆபீசில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "குப்பம், டீ சொல்லு. குப்பம், ஜெராக்ஸ் எடு." அன்றைக்கு ஐயா முதல் தடவையாக, "வெரிகுட் டெரன்ஸ், ஒரு போட்டோ மட்டும் வாங்கிக்குடு" என்றார். அதற்காகத்தான் செய்தேன். வேறு காரணம் சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, வேறு காரணம் இல்லை. விதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்ததால் தப்பு செய்வதாகவே தோன்றவில்லை. சுரூபத்தை எடுக்கச் சொல்லி உனக்கு எழுதியபோதே பணம் கைமாறிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

நீ போகாதே என்று எழுதியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே போகவில்லை. வார்டு வாசலில் நின்று பார்த்தேன். புஷ்பம் அக்கா கையில் டிரிப்ஸ் ஊசியோடு தூங்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு இளைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். அந்தக் குறிப்பு உண்மையில்லை, அங்கே திரளாக யாரும் வந்ததில்லை, படம் நான் எடுத்தது, ஹாலில் கட்சிக் கூட்டம் நடத்துவதாகத்தான் பேச்சு, அரசு நிதியில் கட்டியதைக் கட்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். சாயங்காலமே ஆபீசுக்குச் செய்தி போய்விட்டது. சனிக்கிழமை சுப்பராமன் சார் போன் செய்து, "திங்கக்கிழமைலேருந்து வரவேணாம்ப்பா" என்றார். லிசா தரமணியில் வேலைக்குப் போவதால் அடுப்பு எரியும். ஆனால் அவளுக்கும் என் மேல் கோபம். ஏன் இதைச் செய்தாய் என்று கேட்கிறாள், போட்டோவைத்தான்.

மன்னித்துவிடு அக்கா. நான் அங்கே வரலாமா?

டெரன்ஸ்


பட்டினப்பாக்கம்,
29.3.2025

டெரன்ஸ்,

உன் கடிதத்துக்கு இருபத்தாறு நாள் பதில் எழுதவில்லை. எழுதினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

நேற்று கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு அம்மா விசாரணைக்கு வந்தார்கள், கமர் ஜஹான் என்று பெயர். ஒன்பது மணிக்கு வந்து இடத்தை அளந்தார்கள். எங்கள் இருபத்தொரு பேரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். புஷ்பம் வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் இன்னும் கூடை தூக்க முடியவில்லை, அவளை வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களுடைய டிரைவர் ஜீப்பை விட்டு இறங்கினான். நேராகப் போய், மாதா இருந்த மூலையில் நின்றான். காவேரிக்கு வந்ததே கோபம். "யோவ், கவர்மெண்ட்டு, இன்னா பண்ணிக்கினு கீற?" என்று ஒரு சத்தம் போட்டாள். அவன் பாதியில் திரும்பினான். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

பன்னிரண்டு மணி இருக்கும். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு, "பக்கத்துல பாத்ரூம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பன்னிரண்டு நிமிஷ நடை, நண்பகல் வெயில், செருப்பு மணலில் புதைகிறது. பாதி வழியில் அந்த அம்மா கால்களை நெருக்கி வைத்து நடந்தார்கள். எங்களுக்கு அந்த நடை தெரியும்.

திரும்பி வந்து என் மீன் பலகை மேல் கோப்பை வைத்து எழுதினார்கள். "கோயிலுக்குள்ள அரசாங்கப் பணம் போகக் கூடாதுன்னுதாம்மா விதி. பொம்பளைங்க ஒதுங்கக் கூடாதுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார்கள். இடம் மாநகராட்சியுடையது, வழிபாட்டுத் தலம் இல்லை, பணி தொடரலாம் என்று எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஹால் வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். ஆனால் பணம் டைல்ஸாகி விட்டது. புது வருஷ நிதி வந்து, டெண்டர் விட்டுக் கட்டி முடிக்க இன்னும் ஏழு மாசம் ஆகும். நடுவில் கோடை முழுதும் இருக்கிறது. அந்த ஏழு மாசமும் உன் கணக்கில்தான்.

நீ கொடுத்த கடிதத்தால்தான் அந்த அம்மா வந்தார்கள். அது எனக்குத் தெரியும். அதற்காக நான் நன்றி சொல்வேன் என்று காத்திருக்காதே. வேலை போனதற்காகப் பாவம் பார்ப்பேன் என்றும் நினைக்காதே. மூன்று மணி நேரத்தில் அந்த அம்மாவுக்குப் புரிந்தது, எங்கள் நடுவில் பிறந்து வளர்ந்த உனக்கு ஏன் புரியவில்லை? எத்தனை யோசித்தும் எனக்கு ஆறவில்லை.

வரலாமா என்று கேட்டிருந்தாய். அந்த போட்டோ யார் எடுத்தது என்று இங்கே யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னால் கழிப்பறை வேலை திரும்பக் கிடைத்தது என்று மட்டும் கேள்விப்பட்டு, உனக்கு வஞ்சிரம் எடுத்து வைக்கிறேன் என்கிறாள் காவேரி. புஷ்பம் உன் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வா. வியாபாரம் முடிந்து எல்லோரும் இருப்பார்கள், புஷ்பத்தையும் ஆட்டோவில் கூட்டி வருகிறேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்த இருபத்திரண்டு பேர் முன்னாலும் நின்று, படத்தை எடுத்தது நீதான் என்று உன் வாயால் சொல். அவர்கள் அடித்தால் வாங்கிக்கொள். நான் தடுக்க மாட்டேன்.

ஜெசிந்தா